ரமோனுக்கு ஹஸ்த நட்சத்திரம்

பேஸ்பாலில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இந்த வருடம் எங்கள் ஊர் டீமில் எவனுக்குத் தோள்பட்டை போயிற்று, எவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். எல்லாம் என் தலையெழுத்து.

காரணம் என் வீட்டுக்காரர் சந்தானமும் எங்கள் ஒரே மகள் ஹம்சாவும். அவளுக்குக் குபெர்டினோவில் வேலை. நாங்கள் இருப்பது அங்கிருந்து விமானத்தில் நாலு மணி நேரத் தூரத்தில், பேர்லேண்டில். பத்திரிகை அடித்து, சென்னையில் மண்டபமும் பிடித்த பிறகு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று பிப்ரவரியில் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது. இவருக்குப் புரியவில்லை. மானம் போய்விட்டதாம். "இனிமே உன் விஷயம் எதையும் எங்கிட்ட பேசாதே" என்று போனில் கத்திவிட்டு வைத்தார்.

பிடிவாதத்தில் அவளும் அப்பாவைக் கொண்டிருக்கிறாள். சொன்னதை அப்படியே செய்தாள். மேட்ச் சீசன் ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது.

"அப்பா, ரமோன் எல்போவைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போனான், பாத்தீங்களா?"

ரமோன் பந்து வீசுகிறவன். தாடிக்காரன். "பாத்தேன், பாத்தேன். அது லிகமென்ட்தான்" என்றார் இவர், ஏதோ எலும்பு டாக்டர் மாதிரி. இரண்டு பேரும் அந்த முழங்கையைப் பற்றியே பேசினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் வந்தது. சின்ன வயதில் அவளை மைதானத்துக்கு இழுத்துப் போய்ப் பழக்கியவர் இவர்தான். ஆனால் மேட்ச் தவிர ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டார்.

எனக்கு அது போதும் என்றிருந்தது. டீம் ஜெயித்து அக்டோபர் நாக்-அவுட் ஆட்டங்களுக்குப் போனால் பேச்சும் கூடவே போகும். தோற்றால் அடுத்த வசந்தம்வரை இந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் பேச ஒன்றும் இல்லை. அதனால்தான், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமலே நானும் சோபாவில் உட்கார்ந்து ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீம் பிள்ளைகளோ ரமோனுக்குப் பின்னால் வரிசை கட்டி விழுந்தார்கள். ஒருத்தன் ஓடும்போது விழுந்தான், ஒருத்தன் நின்ற இடத்திலேயே விழுந்தான். இன்னொருத்தன் ஹோட்டலில் சூட்கேஸைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் உடம்பு வலித்தது. ஜூலை வெயிலில் கார் கதவைத் தொட முடியாத நாட்களில், எனக்கே ஒரு சப்ஸ்டிட்யூட் கிடைத்தால் தேவலை என்று தோன்றும்.

"டே டு டேன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடி பட்டிருக்கு, ஆனா ஆட முடியாதவங்க லிஸ்ட்ல தூக்கிப் போடல. இன்னைக்கு ஆடுவானான்னு தெரியாது, நாளைக்கும் தெரியாது. ஆனா டீம்லதான் இருக்கான்" என்றார்.

ஆகஸ்டில், ரமோன் திரும்பி வந்தால்தான் பிழைப்பு என்ற நிலைமை. ஒரு ஞாயிறு காலை இங்குள்ள மீனாட்சி கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டே இவர் கூசாமல் சொன்னார்: "ரமோன்ங்கற பேருக்குப் பண்ணுங்கோ."

குருக்கள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கோத்திரம்?"

"சிவ கோத்திரம்னு வெச்சுக்கோங்கோ."

"நட்சத்திரம்?"

இவர் யோசிக்கவே இல்லை. "ஹஸ்தம், கன்னி ராசி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரில் ஏறியதும் கேட்டேன். "ஹஸ்தம் ஹம்சாவோட நட்சத்திரமாச்சே."

"அவனுக்குக் கையிலதானே அடி. ஹஸ்தம்னா கை. அதான் சொன்னேன்."

"அப்ப கன்னி ராசி யோசிக்காமலே எப்படி வாயில வந்துது?"

மனுஷர் ஃப்ரீவே வரும்வரை ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு நாலைந்து மாதமாக யாரோ ஒருத்தனுடைய முழங்கையை விசாரித்துக்கொண்டிருக்கிறாரே என்று அழுகையாகவும் வந்தது. அவருக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரமோன் திரும்பி வரவில்லை. எப்படி வருவான், அர்ச்சனைதான் வேறு அட்ரஸுக்குப் போய்விட்டதே. செப்டம்பர் கடைசி ஞாயிறு, ஜெயித்தே ஆக வேண்டிய மேட்சில் டீம் தோற்றது. யார் யாரோ புதுப் பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். சீசன் முடிந்தது.

போன் வரவில்லை. காபி கொண்டுவந்து வைத்தேன், ஆடை படிந்தது. டிவியில் கார் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்களே கூப்பிடுங்களேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. கடைசியில் அவரே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். இந்த வருடம் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"முடிஞ்சுபோச்சு" என்றார்.

"ஆமாப்பா. பாத்தேன்."

"அடுத்த வருஷம் ரமோன் வந்துடுவான்."

"ம்."

வைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஹம்சா... நீ எப்படிம்மா இருக்கே?"

அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"டே டு டே, அப்பா."

இவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி. அப்படின்னா டீம்லதானே இருக்கே."

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.