துலக்கிய பொற்காசு

மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே கறுப்புத் துணி விரித்திருந்தார்கள். டலானகா என்கிற மலையூரின் நாணயச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை தன் பொற்காசுகளை ஊருக்குக் காட்டும் நாள். இந்த மலையில் வெட்டிய தங்கத்தை இந்த ஊரிலேயே காசாக அடித்த காலம் ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரோடு அந்த அச்சுச்சாலை மூடிப்போனது. மிஞ்சிய காசுகளில், பொறித்த கழுகின் காலடியில், ஊர்ப்பேரின் முதலெழுத்தாகச் சின்னதாக ஒரு 'டி' இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காக டெக்சாஸிலிருந்தெல்லாம் ஆட்கள் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

டெல்பர்ட் யான்சியிடம் அப்படி ஒன்று இருந்தது. 1843-இல் அடித்த ஐந்து டாலர் காசு. கல்யாணமான புதிதில், பழைய வீடு ஒன்றின் சாமான்களை விற்ற இடத்தில், அவருடைய முதல் மனைவி மேவிஸ் ஒரு பொத்தான் டப்பா வாங்கினாள். பொத்தான்களுக்காகத்தான் வாங்கினாள். வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டியபோது சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே இது படுத்திருந்தது. அன்று பிடித்த பைத்தியம் டெல்பர்ட்டை விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ காசுகளை வாங்கினார், விற்றார், லாபமும் பார்த்தார், கையையும் சுட்டுக்கொண்டார். இதை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. மேவிஸ் இறந்து சில வருடங்களாகியும் அது அதே சின்னப் பெட்டியில், அதே இழுப்பறையில் இருந்தது.

பழைய தங்கத்தின் மேல் காலம் போர்த்துகிற மெல்லிய படலத்தைச் சேகரிப்பவர்கள் 'தோல்' என்பார்கள். டெல்பர்ட்டின் காசுக்கு வாய்த்த தோல் யாருடையதற்கும் வாய்க்கவில்லை. பீச் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சும்போது பாகு சுண்டி வருமே, அந்த நிறம். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்கிற முதல் பாடமும் அதுதான். "துடைக்காதீங்க. விரலை வைக்காதீங்க. பக்கத்துல போய் மூச்சுகூட விடாதீங்க."

ஆர்லீன் இதையெல்லாம் கேட்டதில்லை. போன வசந்தத்தில்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளும் கணவனை இழந்தவள்தான். சங்கத்துக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை. கையில் வெண்ணெய் கேக்கோடு டெல்பர்ட்டின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திறயேன் டெல்," என்றாள் காதோரமாக. "உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

காசு புதுக் குளியலறைக் குழாய் மாதிரி பளபளத்தது. பாகின் நிறம் போயிருந்தது. சுதந்திர தேவியின் கன்னத்தில் பல் துலக்கும் பிரஷின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. கழுகின் சிறகிடுக்கில் வெள்ளையாகச் சமையல் சோடா கொஞ்சம் ஒட்டியிருந்தது.

டெல்பர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஊரில் நாணயக்கடை வைத்திருக்கிற ஹாய்ட் லெட்பெட்டர், வருடந்தவறாமல் இந்தக் காசுக்கு விலை கேட்கிறவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். பார்த்தவர் நிமிரவேயில்லை.

"அட கடவுளே. எந்தப் படுபாவிய்யா இதைத் தேய்ச்சது? பாதி விலைகூடத் தேறாதே!"

பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆர்லீன் வாயைத் திறக்கப்போனது டெல்பர்ட்டின் கடைக்கண்ணில் பட்டது.

"நான்தான்," என்றார்.

"நீயா?"

"நான்தான்யா. ஊரே பாக்க வருதே, கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு தேய்ச்சேன்."

"மூச்சு விடாதேன்னு எங்க உசிரை வாங்கினவன் நீ! போன வருஷம் மூக்கை உறிஞ்சினேன்னு என்னை வெளியில அனுப்பினே!"

"வயசாகுதுல்ல ஹாய்ட். புத்தி பிசகிப் போச்சு."

யாரோ சிரித்தார்கள். யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். துக்கவீட்டில் தட்டுகிற மாதிரி இருந்தது. டெல்பர்ட் பெட்டியை மூடிப் பைக்குள் போட்டார். ஆர்லீன் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கார் சாவியை எடுத்தாள்.

கண்புரை வந்ததிலிருந்து டெல்பர்ட் வண்டி ஓட்டுவதில்லை. மலைப்பாதையில் ஆர்லீன் ஓட்டினாள். இரண்டு வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"நான் என்ன பண்ணிட்டேன்னு சொல்லு."

"விடு கண்ணு."

"விட மாட்டேன். சொல்லு."

அவர் சொன்னார். தோல் என்றால் என்ன, அது சேர எத்தனை தலைமுறை பிடிக்கும், ஒரு தடவை போனால் ஏன் திரும்பாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தியபோது கார்க் கண்ணாடியே அதிர்ந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மேவிஸை அடக்கம் செய்த நாளில்கூட அவர் இப்படிக் கத்தியதில்லை.

ஆர்லீன் அழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்காட்சி முடிஞ்சதும் மேவிஸ் படத்துக்குக் கீழ அதை வைக்கலாம்னு இருந்தேன்," என்றாள். "அந்த வீட்டுல அவ சாமான் எதையும் நான் தொட்டதில்ல டெல். அவ கோப்பையில காப்பிகூடக் குடிச்சதில்ல. ஒண்ணையாவது நான் பிரியமா பாத்துக்கிட்டேன்னு இருக்கட்டுமேன்னு தோணுச்சு. நீ முகம் மழிச்சுட்டு இருந்தப்போ சமையலறைத் தொட்டியில உக்காத்தி வச்சுத் தேய்ச்சேன். குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி."

தொட்டி ஓரத்தில் குனிந்து நிற்கிற அவளுடைய முதுகு டெல்பர்ட்டின் கண்ணுக்குள் வந்தது.

"அங்க ஏன் பொய் சொன்னே? என்னைக் கைகாட்டி விட்டிருக்கலாமே," என்றாள்.

"அவங்க உன்னைப் பாக்கப்போற பார்வை எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சுது. காசு ஏற்கெனவே போயிருச்சு. நீயும் அந்த இடத்துல நின்னு கூனிக் குறுகணுமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா கோவமா இருக்கேன், ஆர்லீன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருப்பேன்னு நினைக்கிறேன். சாப்பிடறப்போ உர்ருன்னு இருந்தா கண்டுக்காதே."

"இரு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப பசிக்குதா?"

"ரொம்ப."

அடிவாரத்து உணவகத்தில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. பரிமாறுகிற டார்லா என்ற பெண் காப்பிக் குடுவையோடு வந்தாள். "வாங்க கண்ணுங்களா! என்ன, ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படித் தொங்குது?"

"இதுகிட்டத்தான் கேக்கணும்," என்று டெல்பர்ட் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஜன்னல் வெயில் பட்டுக் காசு கண்ணைக் கூசவைத்தது. விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குகிற பழக்கத்தில் விரல்களை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். இனி எதற்கு அந்தக் கவனம்? அப்படியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

இத்தனை வருடத்தில் அதை அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. சின்னக் காசுக்கு எவ்வளவு கனம்! கொஞ்ச நேரத்தில் அது கைச்சூட்டை வாங்கிக்கொண்டது.

"கையை நீட்டு," என்றார் ஆர்லீனிடம்.

"வேண்டாம். நான் தொடவே மாட்டேன்."

"நீட்டுன்னா நீட்டேன்."

அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். பொத்தான் டப்பா கதையைச் சொன்னார். மேவிஸின் பேரை அவர் இவ்வளவு தாராளமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டபடியே காசைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கும் குடுங்க," என்றாள் டார்லா. பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள். காசு கைமாறிக் கைமாறிப் போனது. "எங்க கொள்ளுத்தாத்தா இந்த மலையிலதான் தங்கம் சலிச்சாராம்," என்றாள் ஒருத்தி. "அவர் சலிச்சதுல ஒரு துகளாவது இதுல இருக்கலாம், இல்லையா?" என்று அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்திருந்தாள்.

சத்தம் கேட்டுச் சமையல்காரர் கை நிறைய மாவோடு வெளியே வந்து அதை வாங்கினார். மாவைக் கண்டதும் டெல்பர்ட்டின் கை தானாக முன்னால் போனது. பிறகு மேசையிலேயே அமர்ந்துகொண்டது.

"நெசமாவே தங்கமா? கடிச்சுப் பாக்கட்டுமா?" என்றார் சமையல்காரர்.

டெல்பர்ட் ஒரு கணம் யோசித்தார். "ம்ம், கடிங்க," என்றார்.

"பல்லு பட்டுது, கொன்னுடுவேன்!" என்று ஆர்லீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

உணவகமே சிரித்தது. கோபமாக இருப்பதை மறந்து டெல்பர்ட்டும் சிரித்தார்.