சுறா எண்ணெய் பூசிய கார்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அரிப்பு என்கிற எங்கள் கடற்கரை ஊரில் அதை அறியாதவர் இல்லை. ஆகவே என் மருமகன் கோகுலன் தன் வீட்டு வாசலில் நின்று, "மாமா, இனி இந்தக் காரில றஞ்சிதாவை ஏத்த விடமாட்டன்" என்று சொன்னபோது, நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தது பெரிய காரியம்.

அவன் சொன்னதில் பிழையும் இல்லை. றஞ்சிதாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டு வரும் வழியில், இலுப்பைக்கடவைக்கு அப்பால் ஒரு மாடு றோட்டுக்குக் குறுக்கே வந்தது. நான் பிறேக்கை ஏறி மிதித்தேன். கார் கேட்கவேயில்லை, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாட்டுக்குப் புத்தி இருந்தது, அது விலகிப் போய்விட்டது. பின் சீற்றில் என் ஒரே மகள் றஞ்சிதா ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். தாய் இல்லை என்றால் வீடும் இல்லையென்று ஆகிவிடுமா? வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிற சைவக் குடும்பத்தில் அவள் விரும்பிக் கலியாணம் முடித்தவள். அப்போது நான் குதித்த குதி ஊருக்கே தெரியும். அதெல்லாம் போகட்டும். எட்டாம் மாதம் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தாள். கூட நின்று பார்க்க என் தங்கச்சி ஓம் என்றாள். அறைக்கு வெள்ளை அடித்தேன், புது மெத்தை வாங்கிப் போட்டேன், நுளம்பு கடிக்காமல் வலை கட்டினேன். இரண்டு வருடமாக அந்த வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. பிள்ளை வந்து நின்றால் போதும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"வாடகைக்கு வான் பிடிச்சு அனுப்பலாம் மாமா, ஆனா ஒரு அவசரமெண்டா அரிப்பில இருந்து மன்னார் ஆசுப்பத்திரிக்கு இந்தக் காரிலதானே கொண்டு ஓடுவியள்? பிறேக்கைத் திருத்திக்கொண்டு வாங்கோ. நான் காரை ஓடிப் பாத்திட்டு அனுப்புறன்" என்றான் கோகுலன்.

கார் உண்மையில் என்னுடையதல்ல, என் மனைவியுடையது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். ஊரே ரீச்சர் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கார் பழைய மொறிஸ் மைனர். அவளே ஓடினாள், அவளே பராமரித்தாள். நான் கடல்காரன், எனக்கு வள்ளம் தெரியும். அவள் செத்த பிறகுதான் லைசன்ஸ் எடுத்தேன்.

சிலாவத்துறையில் கராஜ் வைத்திருக்கிற பாயிஸிடம் காரைக் கொண்டுபோனேன்.

"பெடலை மிதிச்சாக் கீழ போகுதா அண்ணன்?"

"இல்ல. பெடல் கல்லு மாதிரி நிக்குது. கார்தான் நிக்குதில்ல."

அவன் சிரித்துக்கொண்டே கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைத் திறந்து பிறேக் ஒயில் பார்த்தான். நிறைய இருந்தது. என்னை உள்ளே இருத்திப் பெடலை அமத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான்கு சில்லுக்குப் பின்னாலும் ரோச் லைற் அடித்துத் தேடினான். ஒழுக்கு இல்லை.

"பெடல் இறங்கினா உள்ளுக்க காத்து நிக்கும், இல்லாட்டி எங்கேயோ ஒழுகும். உங்கட பெடல் இறங்கேல்ல. அப்ப வருத்தம் சில்லுக்கதான்" என்றான். காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இறங்கியதும் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி மோந்து பார்த்தான்.

"அண்ணன், மீன் மணக்குது."

"அரிப்புக் கார் பின்னை மல்லிகைப்பூவோ மணக்கும்?"

அவன் சில்லைக் கழற்றினான். பிறேக்கை மூடியிருந்த ட்றம்மைத் தட்டி இழுத்தான். உள்ளேயிருந்து மண்ணிறமாக ஒன்று வடிந்தது. விரலில் தொட்டு மணந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அல்லாவே, இது சுறா எண்ணெய்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன முறை கழட்டினது நீர்தானே! என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர்?"

"நான் ஏன் அண்ணன் சுறா எண்ணெய் விடப்போறன்? என்னட்ட வள்ளமோ இருக்கு?"

வள்ளம் இருந்தது என்னிடம். பலகைக்குச் சுறா எண்ணெய் பூசினால் உப்பு ஏறாது. பிறந்தது முதல் எனக்குத் தெரிந்த பராமரிப்பு அதுதான். வள்ளத்தை விற்ற பிறகும் எண்ணெய்க் கலன் வீட்டில் கிடந்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது. ரீச்சரின் காரை அது தின்ன விடலாமா? சனிக்கிழமைப் பின்னேரங்களில் காருக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு பிறஷ்ஷால் பூசுவேன். பூசிய இடத்தையே திரும்பவும் பூசுவேன். பொழுதுபட்டுவிடும். மகள் வரப்போகிறாள் என்று தெரிந்த பிறகு இன்னும் கவனம் கூடிவிட்டது. சில்லின் நடு மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஓட்டை தெரியும். உப்பு அதற்குள்ளும் போகும்தானே என்று நான்கு சில்லுக்கும் எண்ணெயை அளவாக விட்டேன்.

பாயிஸ் சிரித்தபடி தலையில் கைவைத்தான். "அது பிறேக்கை இறுக்க ஸ்குறூ டிறைவர் விடுற ஓட்டை! அதுக்க எண்ணெய் விட்டா எப்பிடி அண்ணன் பிடிக்கும்? எத்தின தரம் விட்டனீங்கள்?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அஞ்சாறு கிழமையா."

"கீழ பூசினது?"

"ரீச்சர் போனதில இருந்து."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அந்தக் கணத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் பிறேக் கட்டைகளுக்குப் புது லைனர் அடித்து, ட்றம்களைப் பெற்றோலில் கழுவிப் பூட்டித் தந்தான். புறப்படும்போது ஜன்னலோரம் குனிந்து, "மருமகன் கேட்டா மாஸ்டர் சிலிண்டர் பழுது எண்டு சொல்லுங்கோ. நான் வாய் திறக்க மாட்டன்" என்றான்.

வெள்ளாங்குளம் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோகுலன் என்னைப் பக்கத்தில் இருத்திக் காரை ஓடினான். வேகமாகப் போய் ஒரே மிதி. என் நெற்றி கண்ணாடியில் அடிக்கப் பார்த்தது.

"நல்லாப் பிடிக்குது மாமா. என்ன பழுது?"

பிள்ளையை ஏற்றப்போகிற காரைப் பற்றிப் பொய் சொல்ல நா எழவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இனி விடாதேங்கோ மாமா" என்றான். பிறகு, "சரி, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

றஞ்சிதா அறைக்குள் கட்டிலில் இருந்தாள். பெட்டி எதுவும் கட்டியிருக்கவில்லை.

"என்ன பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லையா? கார் சரி. மருமகனும் ஓம் எண்டிட்டார்."

"அப்பா, கோபிக்காதேங்கோ. நான் வரேல்ல."

"ஏன்?"

"காரால இல்ல அப்பா. காரைச் சாட்டி நான் பேசாமல் இருந்திட்டன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா இல்லாத அந்த வீட்டில என்னால ஒரு ராவும் படுக்க ஏலாது. போன முறை அம்மா சமைச்ச குசினிக்க போனவுடன மூச்சு அடைச்சுது. இவரிட்டயும் சொல்லேல்ல. சொன்னா, பெத்த வீட்டிலயே இருக்க ஏலாதாம் எண்டு உங்களுக்குத்தான் குறை."

கோபம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? வெள்ளை அடித்ததையும் மெத்தையையும் வலையையும் சொல்லி ஏசத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கும் ஏலாது பிள்ளை. அதாலதான் சனிக்கிழமையெல்லாம் காருக்குக் கீழ கிடந்தனான்" என்றேன்.

"ஒருநாளும் சொல்லேல்லையே அப்பா."

"நீ கேக்கேல்லையே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது கோகுலன் வாசலில் வந்து நின்று, "பெட்டி எங்க? ஏத்தட்டே?" என்று கேட்டான். என் மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, யோசிச்சுப் பாத்தன். எனக்கு இந்த வயசில பிள்ளைப்பேறு எல்லாம் பாக்க ஏலாது. இவ இங்கயே இருக்கட்டும்."

அவன் நம்பிவிட்டான். பெற்ற தகப்பனே இப்படிக் கைகழுவுகிறானே என்று அவன் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். வெளியே வந்து காரை எடுத்தேன்.