சங்கிலி ஏறவில்லை

கீர்த்தனி வீடியோ கேம் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது மணி இரண்டரை. நாலு மணிக்குள் தவராசாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய கணவன் நிருபன் என்ன சொல்வதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டான். அது பிழையான முடிவு என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதங்களுக்கு முன்புவரை நிருபன் திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகொன்றில் மெக்கானிக். எஞ்சின் அறையில் குழாயொன்று வெடித்துக் கொதிக்கும் எண்ணெய் முகத்தில் அடித்தது; இரண்டு கண்ணும் தெரியாமல் போனது. இடது கண்ணுக்கு இனி வழியில்லை என்று கொழும்பு டொக்டர் அப்போதே சொல்லிவிட்டார். வலது கண்ணின் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன் என்றார். போன மாதம் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைக் கீர்த்தனிதான் வாசித்துச் சொன்னாள்: ஆறு மாதம் கழித்து இன்னொரு ஒப்பரேஷன், நம்பிக்கை இருக்கிறது.

கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் தவராசா போன் எடுத்தார். "ரேடியோ அறையில ஒரு இடம் இருக்கு தம்பி. கப்பல்காரரோட கதைக்கிற வேலை. காதும் வாயும் இருந்தாக் காணும். வியாழன் நாலு மணிக்குள்ள சொல்லுங்கோ, இல்லாட்டி வேற ஆளைப் போட்டிடுவினம்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று வைத்துவிட்டு நிருபன் சிரித்தான். "ஆறு மாதத்தில எஞ்சினுக்கே திரும்பிப் போற எனக்கு ரேடியோ எதுக்கு?"

இன்றைக்கு வியாழன். உள்துறைமுகப் பக்கமிருந்து கப்பலொன்று நீளமாக ஊதியது. நிருபன் கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான்.

'ஒன்பது தீவுகள்' தொடரைக் கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு பாகம் விடாமல் பார்த்தவர்கள். அந்தக் கதையை வைத்து வந்த கேமை விபத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்தான் நிருபன் வாங்கியிருந்தான். அதில் இல்வா என்ற துறைமுகத் தலைவியாக விளையாட வேண்டும்; சண்டை குறைவு, பேச்சுத்தான் கூட. இடையிடையே திரையில் இரண்டு வழிகள் எழுத்தில் தோன்றும். சில வினாடிகளுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். தெரிந்தெடுத்ததை மாற்ற ஏலாது. கீர்த்தனி திரையைப் பார்த்துச் சொல்வாள், நிருபன் முடிவெடுப்பான், அவள் பொத்தானை அமத்துவாள். ஐந்து அத்தியாயங்கள் அப்படியே முடிந்திருந்தன. அத்தனையிலும் தோரன் என்ற வாயாடி மாலுமியை நிருபன் பாடுபட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தான். மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது தோரனின் கதையைக் கேட்டுத்தான்.

ஆறாவது அத்தியாயம் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் நிருபன் கேட்டான், "இப்ப என்ன நடக்குது?"

"இல்வா மதிலுக்கு மேல நிக்கிறாள். எதிரியின்ர கப்பல்கள் துறைமுகத்துக்குக் கிட்ட வந்திட்டுது. வாசலுக்குக் குறுக்கால சங்கிலியை ஏத்தினா அதுகள் உள்ள வர ஏலாது." கீர்த்தனி நிறுத்தினாள். "ஆனா தோரனின்ர படகு இன்னும் வெளியில."

திரையில் எழுத்துகள் வந்தன. பத்து வினாடி.

"சங்கிலியை ஏத்தட்டோ, திறந்து விடட்டோ?"

ஏழு. ஆறு.

"சொல்லுங்கோ."

"ஏத்து" என்றான் அவன். "ஊர் முழுக்க உள்ள இருக்கு. ஏத்து."

கீர்த்தனியின் பெருவிரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. தோரன் கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தோரனின் சாவை நிருபனுக்குத் தன் வாயால் சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று. இரண்டு. விரல் மற்றப் பொத்தானை அமத்தியது.

"ஏத்தியாச்சு" என்றாள்.

முரசுகள் அதிர்ந்தன. நிருபன் தலையைச் சரித்துக் கேட்டான். அவன் முகம் மெல்ல மாறியது.

"சங்கிலி ஏறேல்ல."

"ஏறிட்டுது. நான் பாக்கிறன்தானே."

"டக்கில பதினொரு வருஷம் சங்கிலியோட கிடந்தவன் நான். அவ்வளவு பெரிய சங்கிலி ஏறினா எப்பிடிச் சத்தம் போடும் எண்டு எனக்குத் தெரியாதே? நீ எதை அமத்தினனீ?"

கீர்த்தனி கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "தோரனைச் சாக விட ஏலாமப் போச்சு."

"ஊர்?"

"எரியுது."

அவன் கையை நீட்டிக் கொன்ட்ரோலரைத் தடவி எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு, மிகவும் மெதுவாகக் கேட்டான்.

"வேற எதை மாத்திச் சொன்னனீ?"

அவள் உடனே 'ஒண்டுமில்லை' என்றிருக்கலாம். அவள் பேசாமல் நின்றதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"அந்தக் கடிதத்தை எடு."

அவள் அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தாள். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாசித்தாள். வலது கண்ணின் நரம்பு செயலிழந்துவிட்டது. இனி ஒப்பரேஷனால் பலனில்லை. பார்வையில்லாமல் வாழ்வதற்கான பயிற்சியைத் தாமதிக்காமல் தொடங்குவது நல்லது.

நிருபன் இரண்டு கைகளாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"அண்டைக்கு நீங்கள் கடிதம் வந்திட்டுதெண்டு சந்தோசப்பட்டுக் கொண்டு இருந்தனீங்கள். அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமப் போச்சு."

"நீ என்ர முகத்தைப் பாக்கிறாய். நான் எதைப் பாக்கிறது? நீ சொல்லுறது மட்டும்தான் எனக்கு மிச்சம் இருந்தது."

அவள் அழுதாள். அவன் சமாதானப்படுத்தவில்லை.

"மணி என்ன?"

"மூண்டு நாப்பத்தாறு."

"தவராசா அண்ணைக்கு எடு."

அவள் இலக்கத்தைத் தேடி அமத்திப் போனை அவன் காதில் வைத்தாள். அவர் வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்தாள். அப்போதும் அப்படித்தான்.

"நீ அவருக்குத்தான் எடுக்கிறாய் எண்டு நான் எப்பிடி நம்புறது?" என்றான் நிருபன்.

விபத்து நடந்த நாளில்கூட அவளுக்கு அப்படி வலித்ததில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். மூன்று ஐம்பத்து மூன்று. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, ஆர் நிருபனே?" தவராசாவின் குரல் கேட்டதும் அவன் மூச்சை விட்டான்.

"அண்ணை, கண் திரும்பாது எண்டு இப்பதான் எனக்குத் தெரியும். ரேடியோ வேலைக்கு வாறன்."

"திங்கள் எட்டு மணிக்கு வாங்கோ தம்பி. ஒரு கிழமை பழகிப் பாப்பம்."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நிருபன் தேவைக்கு மட்டும் பேசினான். கடிதங்களையும் பில்களையும் பக்கத்துவீட்டு றிப்தியைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தான். கீர்த்தனி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை றிப்தியின் ஓட்டோவில் போனவன் மாலையில் தொண்டை கட்டி வந்தான். படியில் அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் சுவரைத் தடவி ஏறினான். உள்ளே வந்து உட்கார்ந்தபிறகுதான் வாய் திறந்தான்.

"ஒரு நிலக்கரிக் கப்பல் கப்டன், ஒரே கேள்வியை மூண்டுதரம் கேட்டவன். மூண்டுதரமும் பொறுமையாச் சொன்னனான்."

"நல்லாச் செய்தனீங்களோ?"

"ஓம். நாளைக்கும் வரட்டாம்." சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான், "எனக்குக் கோபம் இன்னும் போகேல்ல கீர்த்தனி."

"தெரியும்" என்றாள் அவள். இஞ்சி போட்ட பிளேன்ரீக் கோப்பையை அவன் கைக்குள் வைத்து, "சூடாயிருக்கு" என்றாள். அவன் ஊதிக் குடித்தான்.