சுலோசனா வீட்டுப் புகை

2004ஆம் வருடம் போகியன்று கருவடிக்குப்பத்தில் சுலோசனா கொளுத்திய நெருப்பு விடிந்ததும் அணைந்துவிட்டது. அதன் புகை மட்டும் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் தெருவிலேயே பேரெடுத்தவள் அவள். மாடிப்படிக்குக் கீழே கிடந்த சாமான்கள்தான் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன: கணவன் ராஜவேல் ஊர் நிலத்திலிருந்து கொண்டுவந்து போட்ட பூச்சிமருந்து டின்கள், காய்ந்த பெயிண்ட் டப்பாக்கள், தீர்ந்துபோன பேட்டரிகள். குப்பை வண்டிக்காரன் கண்ணையன் தொடவே மாட்டேன் என்றான். "எடுத்தா கை வெந்துபூடும்க்கா, எனக்கு வேணாம்." நகராட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். இதையெல்லாம் எங்கே கொடுப்பது என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்கே மேசை மேசையாக அலையவிட்டார்கள். போகிக்குப் பழசை எரிப்பது வழக்கம்தானே என்று கடைசியில் அத்தனையையும் டயரோடு சேர்த்து வாசலில் போட்டுக் கொளுத்தினாள். ஏழு வயது மகள் பூர்ணிமா பக்கத்தில் நின்று போகி மேளம் தட்டினாள்.

மற்ற வீட்டுப் புகையெல்லாம் கடல் பக்கம் போயிற்று. இது மட்டும் கோலத்தை மிதிக்காமல் உள்ளே நுழைந்து, கூடத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. ஃபேனைப் போட்டால் சுற்றும், நிறுத்தினால் மறுபடி உட்காரும். தண்ணீர் அடித்தார்கள், மந்திரித்தார்கள், அசையவில்லை. நோணாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனால், அதுவும் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஏறி வந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை, அது ஒன்றுதான் லாபம். அக்கா முகம் சுளித்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குள் பூர்ணிமாவுக்கு இருமல் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தும் நிற்கவில்லை. "ம்மா, இந்தப் பொகைய போவச் சொல்லும்மா" என்று குழந்தை கெஞ்சும்போதெல்லாம் சுலோசனா முறத்தை எடுத்து அதை வாசல் பக்கம் விசிறுவாள். ராஜவேல் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. அடுத்த போகியும் அதற்கடுத்த போகியும் வந்து போயின. அந்த வருடம் ஐப்பசி மழையில் பூர்ணிமா போய்விட்டாள்.

பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் நல்ல வெயில். புகை ஓரத்தில் கலையத் தொடங்கியது. இவ்வளவு நாள் இருந்துவிட்டு இப்போது கிளம்புகிறதே என்று ராஜவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டான். அப்போது அது இருமியது. முதலில் சின்னதாக, பிறகு மூச்சை இழுத்து இழுத்து. பூர்ணிமாவின் அதே இருமல். சுலோசனா ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள், கதவைத் தாழிட்டாள், இடுக்குகளில் குழந்தையின் பாவாடைகளை வைத்து அடைத்தாள்.

"தொறக்காதீங்க. போயிடுவா" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் திறக்கவில்லை. தெருவும் பழகிக்கொண்டது, அந்த வீட்டில் இருமல் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரவர் வீட்டு டின்கள் அவரவர் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கின்றன, எங்கே கொடுப்பது என்று இன்னமும் தெரியவில்லை. சாயங்காலமானால் சுலோசனா கற்பூரவல்லிக் கஷாயம் போட்டு, பனங்கற்கண்டு கொஞ்சம் தூக்கலாகச் சேர்த்து, ஆற்றி, ஃபேனுக்குக் கீழே வைக்கிறாள். காலையில் டம்ளர் காலியாக இருக்கிறது. அவள் அதைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.