நடுவில் ஒரு தயக்கம்

பத்திரிகைக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் பரிசீலித்த, பெயர் சொல்லாத ஆளின் கடிதத்தில் நடீன் ஹாக்கன்சனை எரிச்சலூட்டியது ஒரே ஒரு வரி. புரதம் இல்லாமல், வெறும் டிஎன்ஏ இழையை மட்டும் இழுத்துப் பார்த்தீர்களா?

"இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லயா!" என்று தாளை மேசையில் வீசினாள்.

மூன்று வருட உழைப்பு. இரண்டு நுண்மணிகளை லேசர் ஒளியால் பிடித்து, நடுவே டிஎன்ஏ இழையில் ஒரே ஒரு புரத மூலக்கூறைக் கட்டி, மெல்ல இழுப்பார்கள். மடிந்திருக்கும் புரதம் அவிழும். அவிழும் வழியில் ஒரு கணம் தயங்கி நிற்கும். அதுவரை யாரும் பார்த்திராத அந்தத் தயக்கம்தான் கட்டுரையே. அவளிடம் ஆய்வாளனாக இருந்த எமெட் வேரிங் அதை நம்பித்தான் அயோவாவில் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தான்.

கேட்டவரின் வாயை அடைக்கவே புதன் காலை நடீன் தானே கருவியின் முன் உட்கார்ந்தாள். வெளியே சாலையில் ஒரு வண்டி பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு இழைகளை இழுத்தாள். ஒன்பதில் அதே தயக்கம். புரதமே இல்லாத இழையில்.

சாண்ட்விச்சைக் கடித்தபடி வந்த எமெட், திரையைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தினான்.

"இழை மணியில ஒட்டி ஒட்டி விடுது," என்றாள் நடீன். "நாம பாத்தது புரதத்தையே இல்ல."

"முதல் வருஷமே இதச் செஞ்சு பாக்கலாமான்னு கேட்டேன். நேரத்த வீணாக்காதன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நல்லாச் சொன்னீங்க!" சாண்ட்விச்சை மேசையில் வைத்தான். "அடுத்த வியாழன் எனக்கு இன்டர்வியூ, நடீன். அதுவரைக்குமாவது பேசாம இருங்களேன்."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வாரம்தானே.

"அங்க நின்னு இதப் பத்தித்தான பேசப் போற? தெரிஞ்சுகிட்டே எப்படிப் பேசுவ?"

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நடீன் பத்திரிகைக்கு எழுதினாள். தவறு என்னுடையது என்ற வரியை நான்கு முறை அழித்து நான்கு முறை எழுதினாள்.

அயோவாவில் எமெட் நடந்ததை அப்படியே சொன்னான். கைகுலுக்கினார்கள், வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

சேதி வந்த மறுநாள் அவன் ஆய்வகத்துக்கு வந்தபோது இழை ஒட்டாமல் இருக்க நடீன் மணிகளுக்கு வேறு பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல இருக்குற கோவம் போகல."

"போக வேணாம். இந்தக் குழாயப் பிடி."

மாலைக்குள் புரதமில்லாத இருபது இழைகளை இழுத்தார்கள். பதினெட்டு அறுந்தன. மிச்ச இரண்டில் தயக்கம் இல்லை. இரண்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லிவிட முடியாது.

"கரைசல்ல உப்பக் கொறச்சுப் பாக்கணும்," என்றான் எமெட், கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தபடி.