கே.எம். நூற்று முப்பத்திரண்டு

புதன்கிழமை மத்தியானம் கொழும்பு பஸ்ஸில் வந்த பித்தளை வளையத்தைக் கையில் எடுத்த உடனேயே தக்ஷாயினிக்குத் தெரிந்துவிட்டது. வளையம் பெரிது. கியரின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், லொடலொடவென்று ஆடியது. கவிழ்த்துப் போட்டும் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டால் மட்டும் சின்னதாகிவிடுமா என்ன!

இந்த வளையம் பூட்ட வேண்டிய காரில்தான் வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை போக வேண்டும். வெல்லாவெளி வினாயகமூர்த்தி சேரின் ஒரே மகனுக்குக் கதிரவெளியில் கல்யாணம். அவருடைய பழைய மொறிஸ் மைனர், மூன்றாம் கியருக்குப் போகும்போதெல்லாம் கறகறவென்று கத்துகிறது என்று போன கிழமை கல்லடியில் அவளுடைய கராஜுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார். தக்ஷாயினி தனியாகக் கராஜ் திறந்து நாலு மாதம். ஸ்கூட்டியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. கார் என்று வந்தது இதுதான் முதல். இது பிழையாய்ப் போனால் இரண்டாவது கார் வராது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பொம்பிளப் பிள்ளட்டக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

கியர்ப் பெட்டி மொறிஸின் பெட்டியே இல்லை என்பது அதைக் காரிலிருந்து இறக்கும் முன்னரே தெரிந்திருந்தது. மொறிஸுக்கு நாலு கியர், இதற்கு ஐந்து. எந்தக் காலத்திலோ யாரோ வேறொரு காரின் கியர்ப் பெட்டியைக் கொண்டுவந்து, இடம் போதாமல் அதன் விலாவை அரைத்துத் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். கம்பெனி எழுத்து இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். மிஞ்சியது, இரும்பு அச்சு வைத்து இங்கிலீஷில் அடித்த ஒரு வரி மட்டும்: கே.எம். 132.

அதைக் கண்டதும் அவளுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. "இது மிற்சுபிஷிப் பெட்டி சேர். அவங்கதான் கே.எம். எண்டு போடுற. நம்பரோட எழுதியே கிடக்கு" என்று வினாயகமூர்த்தியின் முன்னால் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். அந்த நம்பரைச் சொல்லித்தான் கியர் சத்தமில்லாமல் விழுவதற்கான வளையத்தையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

போன் அடித்தது. அவரேதான்.

"என்ன பிள்ளை, அலுவல் எந்தளவில?"

"முடிஞ்சுது சேர். பூட்டுறது மட்டுந்தான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேசையில் பெட்டி குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. என்ன பெட்டி என்றே தெரியவில்லை, இதில் முடிஞ்சுதாம்!

பற்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். எழுத்தோடு படம் பிடித்து, 'மிற்சுபிஷி எண்டு நினைச்சன், பொருந்துதில்ல' என்று எழுதி, மட்டக்களப்புக் கராஜ்காரரும் சாமான் கடைக்காரரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஒருவர் டொயோட்டா என்றார். ஒருவர் இசுசு என்றார். இன்னொருவர், "தெரியாதெண்டா கழட்டாம விட்டிருக்கலாம் தங்கச்சி" என்று எழுதிப் பக்கத்தில் நாலு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கிறீஸ் கையோடு கண்ணைத் துடைத்தாள்.

மூன்று மணிபோல ஏறாவூரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அங்கே பழைய வாகனச் சாமான் கடை வைத்திருக்கிற ஸஹீதா.

"இஞ்ச தங்கச்சி, அது கம்பெனிட எழுத்தில்லகா. எங்கட வாப்பா வித்த பெட்டியெல்லாத்திலயும் அடிக்கிற எழுத்து. கே.எம். எண்டா கச்சி முகம்மது!"

தக்ஷாயினி அதை மூன்று தரம் கேட்டாள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதற்கெல்லாம் நேரமில்லை என்று கியரைத் துவாய்த் துணியில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஏறாவூருக்கு ஓடினாள்.

ஸஹீதா கண்டதும் சிரித்தாள். "வாப்பா மவுத்தாகி, மண்ணுக்குள்ள போய் ஆறு வருசம். அவர ஜப்பான்காரனாக்கினது நீதான்கா."

"களவு போகாம இருக்கவா அக்கா பேர் அடிச்சவரு?"

"சீ, அதுக்கில்ல. வேல பிழையாப் போனா ஆரத் தேடி வாறெண்டு ஆக்களுக்குத் தெரியோணுமாம். பேரில்லாத சாமான் அநாதச் சாமான் எண்டுவாரு."

எந்த நம்பர் என்ன பெட்டி என்பதை அவர் களஞ்சிய அறைக் கதவின் உட்புறத்தில் பெயின்றால் எழுதிவைத்திருந்தார். மேலே இருந்து கீழே வரிசையாக வந்த எழுத்து, நூற்று இருபதுக்குக் கீழே வெள்ளத்தில் ஊறி உரிந்து போயிருந்தது. தக்ஷாயினி முழங்காலிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். நூற்று முப்பது தெரிந்தது. அடுத்தது இல்லை. அதற்கடுத்ததில் போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தாள். 'ட', பிறகு ஒன்றுமில்லை, பிறகு 'ன் சன்னி'.

"டட்சன் சன்னி!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஸஹீதா வளையங்கள் கிடந்த பழைய பால்மா டின்னைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். ஆறாவதாக எடுத்த வளையம் கியரின் கழுத்தில் போய் இருந்து, திருப்பியதும் கவ்விப் பிடித்தது.

வியாழன் மத்தியானம் பெட்டியை மூடினாள். காரில் ஏற்றுமுன் எழுத்து அச்சையும் சுத்தியலையும் எடுத்தாள். வழியில் நின்றுவிட்டால்? மாப்பிள்ளையோடு நடுறோட்டில் நின்றுவிட்டால், யார் வேலை என்று பெட்டியே சாட்சி சொல்லுமே! சுத்தியலைக் கீழே வைத்தாள். பிறகு, நேற்றுச் சொன்ன பொய் நினைவுக்கு வர, மறுபடி எடுத்து கே.எம்.மின் பக்கத்தில் தன் முதலெழுத்தையும் ஒன்று என்ற எண்ணையும் ஓங்கி அடித்தாள்.

பின்னேரம் கார் எடுக்க வந்த வினாயகமூர்த்தியிடம், "பெற்றோல் முள்ள நம்பாதீங்க சேர், அது எப்பவும் பாதியிலதான் நிக்கும்" என்றாள். கல்யாண அவசரத்தில் அவர், "ஓம் ஓம்" என்றபடி ஏறிப் போனார்.

வெள்ளி காலை அவளுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி இறங்கவில்லை. எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"பிள்ளை, கார் நிண்டுட்டுது. சித்தாண்டி தாண்டி."

கொழும்பு வளையம், கடை வளையம், சாட்டுச் சொல்ல எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள்.

"என்ட வேலதான் சேர். பெட்டியில என்ட பேர் வெட்டிக் கிடக்கு. இந்தா வெளிக்கிட்டுட்டன், நான் வாறன்." ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"பெட்டியிலயா? பெற்றோல் தாங்கியிலயெல்லோ வெட்டியிருக்கோணும்! பெற்றோல் முடிஞ்சு போச்சுது பிள்ளை. நீங்க சொன்னீங்க, நான்தான் மறந்து போனன். பின்னால வந்த வான்காரன் வாங்கப் போயிட்டான். சும்மா நிக்கிற நேரத்தில சொல்லுவமெண்டுதான் எடுத்தன். மூண்டாம் கியர் சத்தமில்லாம விழுகுது."

தக்ஷாயினி ஹெல்மெட்டோடு அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"இருக்கிறீங்களா பிள்ளை? வெளிக்கிட்டா நேர கல்யாண வீட்ட வாங்க. மணப்பொம்பிளட மாமாட்டையும் ஒரு பழைய கார் கிடக்காம். உள்ளுக்க என்ன பெட்டி எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்."