ஊமைக் கல்

இரண்டாம் மாடி திரும்புவதற்குள் ரம்பத்துக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கல் பட்டறையில் பதினெட்டு வருடமாக அறுப்பு மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் ரம்பம். தோளில் இருபத்திரண்டு கிலோ கருங்கல் பலகை.

அக்கா வீட்டில் ஒரே அறை. அதில்தான் அவளுடைய தையல் மெஷின், அதில்தான் மாமாவின் ரெக்கார்டு பிளேயர். தரையோ மரப்பலகை. மெஷின் ஓடினால் பிளேயரின் முள் துள்ளும். முள் துள்ளினால் மாமா கத்துவார். அவர் கத்தினால் அக்கா இன்னும் அழுத்தி மிதிப்பாள். அறுபது சீருடைச் சட்டை பாக்கி கிடக்கிறது, சோறு போடுவது மெஷின்தான். அதனால் மாலை ஐந்து மணிக்குப் பழைய சாமான்காரர் பிளேயரைத் தூக்கிப்போக வருகிறார். பஸ் ஓட்டி ஓய்ந்த மாமாவுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அடியில் கனமான கல் வைத்தால் அதிர்வு அடங்கும் என்று யாரோ சொல்ல, மாமா மச்சினன் ரம்பத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

"என்னடா, நீ கல்லைத் தூக்கிட்டு வந்தியா, கல்லு உன்னைத் தூக்கிட்டு வந்துச்சா?" என்றாள் அக்கா.

"முதல் தரம்க்கா. முப்பது பலகை தட்டிப் பார்த்து எடுத்தேன்." விரல் முட்டியால் தட்டினான். ணங்கென்றது.

பிளேயரை அதன்மேல் வைத்தார்கள். அக்கா மெஷினை ஓட்டினாள். முள் துள்ளவில்லை. மாமாவின் முகம் மலர்ந்தது. இசைத்தட்டு இரண்டு வரி பாடி முடிப்பதற்குள் சுருங்கியது.

"முன்னாடி பாட்டு நொண்டுச்சு மாப்ள. இப்ப பாட்டுக்குள்ள குளவி பறக்குது."

"கல்லையும் சேர்த்தே சாமான்காரர்கிட்ட தள்ளிவிடலாம்," என்றாள் அக்கா.

ரம்பத்தின் காது பட்டறையிலேயே பாதி போய்விட்டது. கை போகவில்லை. உள்ளங்கையைக் கல்லில் பதித்தான். பொடி நடுக்கம். "நிறுத்துக்கா." நின்றது. "ஓட்டு." மறுபடி வந்தது. விளிம்பை இறுக்கிப் பிடித்தான்.

"இப்ப?"

"குளவியைக் காணோம்."

கையை எடுத்தான்.

"வந்துடுச்சு!"

"கல்லே பாடுது மாமா!" அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பட்டறையில் ணங்கென்றால் நல்ல கல். தொப்பென்றால் உள்ளே மயிரிழை விரிசல், மூலையில் தள்ளு. படிக்கட்டு போடுகிறவனுக்கு அது சரி. இங்கே வேண்டியது வாயே திறக்காத கல். முப்பதிலேயே பெரிய வாயாடியைத் தேடிப் பிடித்து, இடுப்பு ஒடியச் சுமந்து வந்திருக்கிறான்.

"அப்ப மட்டமான கல்லு ஒண்ணு கொண்டாயேன்," என்றாள் அக்கா.

"இருக்கு. அதுமேல பாலீஷ் அண்ணன் உக்காந்திருக்கார்."

மணி மூன்றரை. பட்டறைக்கு ஓடினான். கல்லுக்கு மெருகு போடும் பாலீஷ் அண்ணன், நாலு விரல் கனமுள்ள செங்காவிக் கல்லில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக அதுதான் அவருடைய நாற்காலி.

"எந்திரிங்கண்ணே."

"எதுக்குடா?"

"பாட்டு கேக்க."

"என் குண்டிக்குக் கீழ இருக்கற கல்லுல பாட்டா?"

"இதைவிட ஊமைக் கல்லு இங்க இல்லண்ணே. சாயங்காலத்துக்குள்ள வைக்கலேன்னா மாமாவோட பிளேயர் போயிடும்."

அண்ணன் எழுந்து கல்லை உதைத்துப் பார்த்தார். தொப். "கொண்டுபோ. ஆனா நாளைக்கு நான் நின்னுட்டு டீ குடிக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

தள்ளுவண்டியில் தெருமுனை வரை, பிறகு மறுபடி தோள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பிளேயர் செங்காவிக் கல்லில் ஏறியது. அக்கா சட்டைக் காலரை ஊசிக்கடியில் கொடுத்து முழு வேகத்தில் ஓட்டினாள். பாட்டு நொண்டவில்லை. குளவியும் இல்லை. மாமா முள்ளையே பார்த்தபடி மூச்சுகூட விடவில்லை.

கதவைத் தட்டிய சாமான்காரரிடம், மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே அக்கா சொன்னாள்: "விக்கலைங்க. போயிட்டு வாங்க."

ரம்பம் சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தான். கருங்கல் பலகை பட்டறை அடுக்குக்கே திரும்ப வேண்டும். பாலீஷ் அண்ணனுக்கு உட்கார ஒரு கல் கடன்.